தேவாங்குச் சீட்டு

நாலாம் வகுப்பு டீச்சர் தன் முப்பத்துமூன்று வருட வேலையில் ஒரு பிள்ளையைக்கூட அடித்ததில்லை. இதை அவரே பத்துப் பேரிடம் பத்து முறை சொல்லியிருக்கிறார். பதினோராவது ஆளாக நீங்கள் போனாலும் சொல்லுவார். அடிக்கவில்லையே தவிர, திட்டாமல் இருந்தார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். முப்பத்தாறு பிள்ளைகளை நாற்பது நிமிடம் பெஞ்சில் உட்கார வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் புரியும். பிரம்பு எடுக்காத கைக்கும் சேர்த்து அவர் வாய் வேலை செய்தது. அந்த வாயில் ஒரு மிருகக்காட்சிசாலையே குடியிருந்தது.

வீட்டுப்பாடத்தை மறந்து வந்தால் கழுதை. கூப்பிட்ட குரலுக்குத் திரும்பாவிட்டால் எருமை. எழுதி முடிக்க நேரமானால் ஆமை. எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினால் ஓணான். பெஞ்சுக்குப் பெஞ்சு தாவினால் குரங்கு, எத்தனை முறை சொன்னாலும் உறைக்காவிட்டால் காண்டாமிருகத் தோல். பிள்ளைகள் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை என்பது டீச்சரின் கட்சி. 'இன்னைக்கு நான் மூணு தடவை குரங்கு' என்று ஒருவன் வீட்டில் பெருமையடித்துக்கொண்டானாம். அதை அவன் அம்மா வந்து சிரித்துக்கொண்டே சொன்னாள். டீச்சர் அதை ஒரு நற்சான்றிதழ் மாதிரி மனதில் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்.

அவருக்கு ஓய்வுபெற இன்னும் எட்டு மாதம் இருந்தது. தொண்டை அதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டது. காலை முதல் மணிக்குக் கொஞ்சம் குரல் வரும், பதினொரு மணிக்குக் கரகரக்கும், மதியத்துக்குமேல் காற்று மட்டும்தான் வரும். கெண்டைக்காலில் நரம்புகள் நீலமாகச் சுருண்டிருந்தன. ஐம்பத்தேழு வயதில் மாடிப்படியின் எண்ணிக்கை மனப்பாடம்: இருபத்துநாலு. பன்னிரண்டாவது படியில் நின்று, ஏதோ ஞாபகம் வந்தவர் மாதிரி பையைத் துழாவுவார். பைக்குள் தேட ஒன்றுமில்லை, மூச்சைத்தான் தேடிக்கொண்டிருப்பார்.

வீட்டில் அவர் பேசவே மாட்டார். அவர் கணவர் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது பரிசோதிக்க டிக்கெட் இல்லாததால் வீட்டில் கிடைத்ததையெல்லாம் பரிசோதிப்பார். பால் பாக்கெட்டின் தேதி, மருந்துச் சீட்டு, குழாயின் சொட்டு. "பள்ளிக்கூடத்துல ஒலிபெருக்கி, வீட்டுல ஊமை. எனக்குன்னு வாய்ச்சது பாரு" என்பார். டீச்சர் அதற்கும் பதில் சொல்லமாட்டார். ஒருநாளைக்கு இவ்வளவு வார்த்தைதான் என்று அளந்து வைத்த மாதிரி, எல்லாம் நாலரை மணிக்கு முன்பே தீர்ந்துபோயிருக்கும்.

இந்த நிலையில்தான் விலங்குச் சுவரொட்டி வந்து சேர்ந்தது. பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து, குழுவுக்கொரு விலங்கைப் பற்றித் தாங்களே தேடிப் படித்து, பெரிய அட்டையில் எழுதி ஒட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை பெற்றோர் வந்து பார்ப்பார்கள். தலைமையாசிரியை, டீச்சரைவிடப் பதினைந்து வயது இளையவர், இதைச் சொல்லிவிட்டு, "நீங்க அனுபவசாலி மேடம், உங்களுக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு" என்று சிரித்தார். அனுபவசாலி என்று யாராவது சொன்னால் கூடுதலாக ஒரு வேலை வருகிறது என்று அர்த்தம்.

திங்கட்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒன்பது குழுவுக்கு ஒன்பது சீட்டு எழுதினார். யோசிக்கத் தெம்பில்லை. கைக்கு வந்ததை எழுதினார். கணவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"கழுதை, எருமை, ஆமை, ஓணான், குரங்கு, ஆந்தை, வௌவால், காண்டாமிருகம், தேவாங்கு. என்ன இது? சிங்கம், புலி, மயில்னு நல்ல ஜீவன் ஒண்ணுகூடவா இல்ல? நீ திட்டுற பட்டியல் மாதிரியில்ல இருக்கு!"

"எதுவோ ஒண்ணு. விடுங்க" என்று சீட்டுகளை மடித்து ஒரு டப்பாவில் போட்டார் டீச்சர்.

மறுநாள் காலை பள்ளி வாசலில் ஒரு பெண் அவருக்காகக் காத்திருந்தாள். சீருடை தைக்கும் கடையில் வேலை பார்ப்பவள். கழுத்தில் அளவு நாடா தொங்கியபடியே வந்திருந்தாள். நான்கு மாதத்துக்கு முன் வகுப்பில் சேர்ந்த புதியவளின் அம்மா. புதியவள் ஒல்லிக்குச்சி. முகத்தில் பாதி கண்ணாகவே இருக்கும். வந்த புதிதில் கூச்சம் என்றுதான் டீச்சர் நினைத்திருந்தார். நான்கு மாதமாகியும் அவள் வாய் திறக்கவில்லை. வருகைப் பதிவுக்குக்கூட 'உள்ளேன்' சொல்லாமல் கையைத்தான் தூக்குவாள். தொந்தரவு இல்லாத பிள்ளை. தொந்தரவு இல்லாத பிள்ளையைப் பற்றி யோசிக்க எந்த டீச்சருக்கு நேரமிருக்கிறது?

"டீச்சர், அவ பள்ளிக்கூடமே வேணாங்கிறா. காலையில வயித்து வலி, தலைவலின்னு தினமும் ஒண்ணு. கண்ணாடியைப் பார்க்க மாட்டேங்கிறா. என்னன்னு நேத்துத் தோண்டித் தோண்டிக் கேட்டேன். வகுப்புல எல்லாரும் தேவாங்குன்னு கூப்பிடுறாங்களாம்."

"எந்தக் கழுதை அப்படிக் கூப்பிடுது?" என்றார் டீச்சர், உண்மையான கோபத்தோடு.

"அதான் சொல்ல மாட்டேங்கிறா. வேற பள்ளிக்கூடத்துல இடம் கேட்டிருக்கேன். ரெண்டு பஸ் மாறணும். கூட்டிட்டுப் போய் வரணும்னா நான் இந்த வேலையை விடணும். ஆனா பிள்ளை இப்படி உள்ளுக்குள்ளயே சுருங்கிட்டுப் போறதைப் பார்த்துட்டு இருக்க முடியாது டீச்சர். வெள்ளிக்கிழமை டி.சி.க்கு எழுதிக் குடுக்கணும்."

"அவசரப்படாதீங்கம்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள யாருன்னு கண்டுபிடிக்கிறேன். யார் அந்தப் பேரை வெச்சாங்களோ, அவங்க எல்லார் முன்னாடியும் அவகிட்ட மன்னிப்புக் கேப்பாங்க. அது என் பொறுப்பு."

அந்தப் பெண் டீச்சரின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "உங்களை நம்பித்தான் போறேன்" என்று சொல்லிவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினாள்.

டீச்சர் பன்னிரண்டாவது படியில் நின்றபோது டப்பாவைத் திறந்து, தேவாங்கு என்று எழுதிய சீட்டைத் தேடியெடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டார். இன்னொரு தாளைக் கிழித்து அணில் என்று எழுதிச் சேர்த்தார். நல்லவேளை, சமயத்தில் தெரிந்தது என்று பெருமூச்சு விட்டார். அந்தப் பெயர் தன் கையிலிருந்து ஏன் அவ்வளவு சுலபமாக வந்தது என்று அவர் யோசிக்கவில்லை.

சீட்டு எடுப்பதற்கு அவர் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு: கைக்கு வந்த சீட்டை மாற்றக் கூடாது. அழுதாலும் கூடாது. கழுதை வந்த குழு அழுதது. எருமை வந்த குழு ஆமை வந்த குழுவைப் பார்த்துப் பொறாமைப்பட்டது. புதியவளின் குழுவுக்கு அணில் வந்தது. அவள் மற்ற மூவரும் எழுதுவதைப் பார்த்தபடி, அட்டையின் ஓரத்துக்குப் பச்சைக் காகிதத்தை மெல்லிய பட்டையாக வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோல் அவள் கையில் சத்தமே போடாமல் நகர்ந்தது.

வகுப்பு இரண்டு நாளாகப் போர்க்களமாக இருந்தது. நூலக அறையில் விலங்குகளைப் பற்றி மொத்தம் பதினொரு புத்தகம். ஒன்பது குழுவும் அதற்கு அடித்துக்கொண்டது. தலைமையாசிரியை அறையில் இருந்த ஒரே கணினியில் குழுவுக்குப் பதினைந்து நிமிடம். பசை டப்பா கவிழ்ந்தது. குரங்குக் குழுவில் வாலை யார் வரைவது என்று சண்டை வந்து, கடைசியில் குரங்குக்கு இரண்டு வால் இருந்தது. வௌவால் குழு கொட்டை எழுத்தில் 'வெளவால்' என்று இடம்விட்டு எழுதியதில், நடுவில் ஒரு ள தனியாக நின்றுகொண்டிருந்தது. "அது வௌ, ஒரே எழுத்து" என்று டீச்சர் காற்றுக் குரலில் சொன்னார். "பார்க்க மூணு எழுத்து மாதிரியில்ல டீச்சர் இருக்கு?" என்று திருப்பிக் கேட்டார்கள். 

ஒவ்வொரு சுவரொட்டியிலும் மூன்று தலைப்பு இருக்க வேண்டும். எங்கே வாழும், என்ன சாப்பிடும், உங்களுக்குத் தெரியுமா. மூன்றாவதில்தான் வம்பு வந்தது. புதன்கிழமை கழுதைக் குழுவின் தலைவி எழுந்து வந்தாள். வகுப்பில் அவளுக்கு வானொலி என்று பெயர். எங்கே எது நடந்தாலும் அடுத்த நிமிடம் ஒலிபரப்பாகிவிடும்.

"டீச்சர், கழுதைக்கு ஞாபகசக்தி ரொம்ப அதிகமாம். ஒருதடவை போன பாதையை வருஷக்கணக்கா மறக்காதாம்."

"நல்லது. எழுது."

"அப்போ வீட்டுப்பாடத்தை மறந்தா ஏன் டீச்சர் கழுதைன்னு சொல்றீங்க?"

வகுப்பு சிரித்தது. டீச்சருக்கும் சிரிப்பு வந்தது. அத்தோடு நின்றதா? எருமை சேற்றில் படுப்பது சோம்பலால் இல்லையாம், அதற்கு வேர்வை சரியாக வராதாம், உடம்பைக் குளிர்ச்சியாக வைத்துக்கொள்ளத்தான் படுக்கிறதாம். ஆந்தை முழிப்பது திமிரால் இல்லையாம், அதற்குக் கண்ணை உருட்ட முடியாதாம், கழுத்தைத்தான் திருப்ப வேண்டுமாம். காண்டாமிருகக் குழு ஒரு புத்தகத்தையே கொண்டுவந்து விரலால் வரியைத் தொட்டுக் காட்டியது. "தோல் தடிமன்தான் டீச்சர். ஆனா பூச்சி கடிச்சா அதுக்கும் வலிக்குமாம்."

"சரி, சரி. எழுதுங்க" என்றார் டீச்சர். முப்பத்துமூன்று வருடமாகத் தான் திறந்து வைத்திருந்த மிருகக்காட்சிசாலையில் ஒவ்வொரு கூண்டாகக் காலியாகிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரிந்தது. அப்போதும் அது ஒரு வேடிக்கையாகத்தான் பட்டது.

இதற்கிடையில் விசாரணையும் நடந்தது. பேர் வைத்தவர் எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்டால் போதும் என்று முதலில் அன்பாகக் கேட்டார். பிறகு தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். சந்தேகத்துக்கு இடமான நாலு பேரைத் தாழ்வாரத்தில் வரிசையாக நிறுத்திக் கேட்டார். ஒருவரும் மூச்சுவிடவில்லை. கேட்டதும் தரையைப் பார்த்தார்கள், கூரையைப் பார்த்தார்கள், பிறகு ஒரு மாதிரியாக டீச்சரைப் பார்த்தார்கள். ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்கவில்லை என்று அவருக்கு எரிச்சலாக வந்தது. 'இந்த ஒற்றுமையைப் பசை டப்பா விஷயத்துல காட்டக் கூடாதா' என்று நினைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை மதியம் நூலக அறைக்குப் போனபோது புதியவள் தனியாக அலமாரிக்கு அருகில் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் இரவு விலங்குகளைப் பற்றிய புத்தகம். டீச்சரின் நிழல் பக்கத்தின்மேல் விழுந்ததும் பட்டென்று மூடி, அலமாரியில் செருகிவிட்டு ஓடிவிட்டாள். டீச்சர் அந்த வேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தன்னிடமுமா ஒரு பிள்ளை இப்படிப் பயப்பட வேண்டும்?

கோபத்தோடு வகுப்புக்கு வந்தார். புதியவளை வருகைப் பதிவேட்டைக் கொடுத்துத் தலைமையாசிரியை அறைக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"யார் முதல்ல சொன்னதுன்னு தெரியாம இன்னைக்கு ஒருத்தரும் வீட்டுக்குப் போக முடியாது."

முப்பத்தைந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் வானொலி எழுந்தாள்.

"சொன்னா திட்ட மாட்டீங்களே டீச்சர்?"

"மாட்டேன்."

"சத்தியமா?"

"சொல்லும்மா."

"நீங்கதான் டீச்சர்."

டீச்சருக்கு முதலில் புரியவில்லை. "நான்தான் கேக்குறேன். யாருன்னு சொல்லு."

"அதான் டீச்சர், நீங்கதான். அவ வந்த ரெண்டாவது நாள். வகுத்தல் கணக்கு போடச் சொல்லிப் போர்டுக்குக் கூப்பிட்டீங்க. அவ சாக்பீஸைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னா. 'என்ன, தேவாங்கு மாதிரி முழிச்சிட்டு நிக்கிற, போய் உட்காரு'ன்னு சொன்னீங்க. நாங்க எல்லாரும் சிரிச்சோம். நீங்களும் சிரிச்சீங்க. அன்னையிலருந்துதான் எல்லாரும் அப்படிக் கூப்பிடுறோம்."

"நீங்க கேக்கும்போதெல்லாம் எங்களைச் சோதிக்கிறீங்கன்னு நெனச்சோம்" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் சேர்ந்துகொண்டது.

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்தில் ஈயாடவில்லை. அந்த நாளை நினைவில் தேடினார். போர்டு, சாக்பீஸ், ஒல்லியான ஒரு பெண், தன் சிரிப்பு. ஒன்றும் அகப்படவில்லை. சொல்லியிருக்கமாட்டேன் என்று மறுக்கவும் முடியவில்லை. அந்த வாக்கியம் அச்சு அசல் அவருடையது. சொன்னதைவிட, சொன்னது மறந்துபோனதுதான் அவரை உலுக்கியது. அந்தப் பிள்ளை நான்கு மாதமாகச் சுமந்தது, இவருக்கு ஒரு நிமிடம்கூட ஞாபகத்தில் இல்லை. அப்படியானால் முப்பத்துமூன்று வருடத்தில் இன்னும் எத்தனை பிள்ளைகள்? அடித்ததில்லை, அடித்ததில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாரே!

கண்ணைத் துடைக்கக் கைக்குட்டைக்காகப் பையைத் திறந்தார். மடித்த சீட்டு ஒன்று கூடவே வந்து கீழே விழுந்தது. வானொலி சும்மா இருப்பாளா? எடுத்துப் பிரித்துப் படித்தாள்.

"தேவாங்கு. டீச்சர், இது யாரோட சீட்டு?"

டீச்சர் சீட்டுக்குக் கையை நீட்டினார். வானொலி கொடுக்கவில்லை.

"உங்க பையில இருந்துச்சே, அப்போ உங்களோடதுதானே? கைக்கு வந்த சீட்டை மாத்தக் கூடாதே." அவள் குரலில் கிண்டல் இல்லை; சட்டத்தைச் சட்டமாகச் சொன்னாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "பேர் வெச்சவங்க எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கணும்னு சொன்னீங்களே. நீங்க கேப்பீங்களா டீச்சர்?" என்றாள்.

அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. "போங்க, எல்லாரும் போங்க" என்றார் டீச்சர். ஒரு ஐம்பத்தேழு வயதுப் பெண் பள்ளி மணிக்கு அன்று நன்றி சொன்ன மாதிரி எந்தப் பிள்ளையும் சொல்லியிருக்காது. அந்த நன்றியே அவருக்கு அவமானமாக இருந்தது.

பிள்ளைகள் போனபின் நூலக அறைக்குப் போய் அந்தப் புத்தகத்தை எடுத்தார். நடுவில் ஒரு பச்சைக் காகிதப் பட்டை அடையாளமாக வைக்கப்பட்டிருந்தது. அந்தப் பக்கத்தில் ஒரு கிளையைக் கட்டிக்கொண்டு, பெரிய கண்களோடு தேவாங்கு அவரைப் பார்த்தது. புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு வெற்று அட்டையைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினார். அன்று அவருக்கு உட்கார இடம் கிடைத்தது. அந்தச் சந்தோஷம்கூட உறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் நடந்ததைச் சொன்னார். நாலரை மணிக்குப் பிறகு மனைவி இவ்வளவு பேசுவதைக் கேட்டு அவரே பயந்துபோனார்.

"இதைப் போய்ப் பெருசு பண்ணிட்டு இருக்க. யாரோ பசங்க, யாருன்னு தெரியல, கண்டிச்சு வெச்சிருக்கேன்னு அந்தம்மாகிட்டச் சொல்லிடு. இன்னும் எட்டு மாசம்தானே. இந்த வயசுல எல்லார் முன்னாடியும் தலைகுனிஞ்சு நிக்கணுமா?"

அது நியாயமாகத்தான் பட்டது. டீச்சர் உண்மையிலேயே அவ்வளவு களைத்திருந்தார். பொய்யென்றுகூடச் சொல்ல முடியாது; பசங்களும்தானே கூப்பிட்டார்கள்? சுலபம், நாலே வாக்கியம், வெள்ளிக்கிழமையோடு முடிந்துவிடும். பிறகு அந்தப் பிள்ளை இரண்டு பஸ் மாறி வேறெங்கோ போகும். அங்கேயும் ஒரு போர்டு இருக்கும், ஒரு சாக்பீஸ் இருக்கும், அதே கண்கள்தான் இருக்கும்.

"அந்தம்மா என்னை நம்பிட்டுப் போனாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, மேசையில் அட்டையை விரித்து நாலு மூலையிலும் டம்ளர் வைத்தார்.

அவருக்கு வரைய வராது. பிள்ளைகளைத்தான் வரையச் சொல்லிப் பழக்கம். முதலில் வந்தது தேவாங்கா, கைகால் முளைத்த உருளைக்கிழங்கா என்று தெரியவில்லை. கணவர் பத்து நிமிடம் முறைத்துக்கொண்டிருந்தார். பிறகு பழக்கதோஷத்தில் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பரிசோதிக்க வந்தார். "ரெண்டு கண்ணும் ஒரே அளவா இல்ல" என்றார். "குடு இங்க" என்று பென்சிலை வாங்கி, ஒரு மாத்திரை டப்பாவின் மூடியை வைத்து வட்டம் போட்டு, பழுப்பு நிறத்தைத் தீட்டத் தொடங்கினார். டீச்சர் புத்தகத்தைப் படித்துப் படித்து எழுதினார். எட்டு மணிக்குள் முடிந்துவிட்டது. வருடக்கணக்கில் மற்றவர்களின் வேலையைத் திருத்தியவருக்குத் தன் வேலையில் எங்கே சிவப்பு மை போடுவது என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை தாழ்வாரத்தில் புதியவளின் அம்மா நின்றிருந்தாள். கையில், டி.சி. கேட்டு எழுதி மடித்த கடிதம்.

"யாருன்னு தெரிஞ்சுதா டீச்சர்?"

"தெரிஞ்சுது."

"யாரு, பொண்ணா, பையனா?"

"நான்தாங்க."

அந்தப் பெண் தவறாகக் காதில் விழுந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு இன்னும் கிட்டே வந்தாள். டீச்சர் முழுவதையும் சொன்னார். நடுவில் குரல் இரண்டு முறை நின்றது. தொண்டைதான் காரணம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அவள் அளவு நாடாவின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள். "அவ உங்க பேரைச் சொல்லவே இல்லையே டீச்சர். எத்தனை தடவை கேட்டேன். பசங்க, பசங்கன்னுதான் சொன்னா. எங்க டீச்சர் யாரையும் அடிக்கவே மாட்டாங்கம்மான்னு வேற சொல்லுவா." அவளுக்குக் கோபம் வந்தது. "என்னவோ போங்க. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. லெட்டரை உங்ககிட்டயே குடுக்கிறேன். வேணுமா வேணாமான்னு அவ சொல்லட்டும்."

கடிதத்தை டீச்சர் கையில் வைத்துவிட்டுப் பின்னால் போய் மற்றப் பெற்றோருடன் நின்றுகொண்டாள்.

ஒவ்வொரு குழுவாக வந்து சுவரொட்டியைக் காட்டிப் பேசியது. இரண்டு வால் குரங்குக்குக் கைதட்டல் அதிகம். அணில் குழு வந்தபோது புதியவள் அட்டையின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு, பச்சை ஓரத்துக்குப் பின்னால் முக்கால்வாசி மறைந்து நின்றாள். எல்லாம் முடிந்தது என்று தலைமையாசிரியை நன்றி சொல்ல எழுந்தார்.

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்றார் டீச்சர். சுருட்டி வைத்திருந்த அட்டையைப் பிரித்துத் தானே பிடித்துக்கொண்டு, பிள்ளைகள் நிற்கும் அதே இடத்தில் போய் நின்றார். மாத்திரை டப்பா மூடி அளவுக் கண்களோடு தேவாங்கு எல்லாரையும் பார்த்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வானொலி அதட்டி அடக்கினாள்.

"இது தேவாங்கு. எங்கே வாழும்? காட்டுல, மரத்துல. என்ன சாப்பிடும்? பூச்சி. உங்களுக்குத் தெரியுமா? தேவாங்குக்குக் கண்ணு பெருசா இருக்கிறது ஒண்ணும் தெரியாம முழிக்கிறதுக்காக இல்ல. நம்ம கண்ணுக்குத் தெரியாத இருட்டுலயும் அதுக்குத் தெரியும். பயந்தா அசையாம அப்படியே நின்னுடும். அப்போ சத்தம் போடக் கூடாது." மூச்சு வாங்கியது. "இதெல்லாம் எனக்கு அப்போ தெரியாது. தெரியாமலே ஒரு பிள்ளையை அந்தப் பேரைச் சொல்லிச் சிரிச்சேன். இந்த வகுப்புல அந்தப் பேரை வெச்சது நான்தான். என்னை மன்னிச்சிடும்மா."

பெற்றோர் யாருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. தலைமையாசிரியை தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வழக்கமாக ஒவ்வொரு குழுவும் பேசி முடித்ததும் டீச்சர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. வாய் பழக்கத்தில் அதையே கேட்டுவிட்டார்.

"கேள்வி ஏதாவது இருக்கா?"

ஒரு கை எழுந்தது. வருகைப் பதிவுக்குத் தினமும் எழும் அதே மெலிந்த கை. டீச்சர் தலையசைத்தார். அவள் எழுந்து நின்றாள்.  நேரம் ஆனது. டீச்சர் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் காத்துக்கொண்டு நின்றார். கால் வலித்தது.

"பதினேழு" என்றாள் அவள்.

அவள் குரல் எப்படியிருக்கும் என்றே பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. கொஞ்சம் கட்டையான, தெளிவான குரல்.

"என்னம்மா?"

"அன்னைக்குப் போர்டுல போட்ட கணக்கு டீச்சர். நூத்தி முப்பத்தாறை எட்டால வகுக்கணும். பதினேழு வரும். எனக்கு அன்னைக்கே தெரியும். எழுதறதுக்குள்ள போய் உட்காரச் சொல்லிட்டீங்க."

சொல்லிவிட்டு அவள் டீச்சரையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான்கு மாதமாக அவள் அந்த விடையை வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். டீச்சர் அட்டையை மேசையில் வைத்துவிட்டு, சாக்பீஸை எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் போர்டுக்குப் போய்க் கணக்கை முதலிலிருந்து எழுதினாள். மெதுவாகத்தான் எழுதினாள். முப்பத்தைந்து பிள்ளைகளும் காத்திருந்தார்கள். பதினேழை எழுதி, அதன் கீழே பிள்ளைகள் போடும் இரட்டைக் கோட்டையும் போட்டாள்.

"சரிதானே டீச்சர்?"

"சரிதாம்மா" என்றார் டீச்சர். 

அவள் சாக்பீஸைத் திருப்பிக் கொடுக்கும்போது டீச்சரின் இன்னொரு கையில் இருந்த கடிதத்தைப் பார்த்தாள். அம்மாவின் கையெழுத்து அவளுக்குத் தெரியும். அதை மெல்ல உருவிக்கொண்டு, பின்னால் நின்ற அம்மாவிடம் போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு, தன் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள்.